பட்டியல் எங்கே நிற்கிறது?

1

ஒரு தலித் எழுத்தைக் கையில் கொடுத்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது காயத்தை. எங்கே அடித்தார்கள், எங்கே தடுத்தார்கள், எந்த டம்ளரில் ஊற்றினார்கள் என்று விரல் வைத்துத் தேடுகிறோம். அகப்பட்டால் பிரதி தேறிவிட்டது. அகப்படாவிட்டால், "வருணனை நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல தலித் எங்க?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

போன வருஷம் எங்கள் பக்கத்து வாசகர் வட்டம் ஒன்றில் இந்தக் கேள்வி அப்படியே கேட்கப்பட்டது. ஏரியூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய அம்மா பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் பூ கட்டுகிறார். உகாதிக்கு முந்தின நாள், விடிவதற்கு முன்னால் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் அம்மாவோடு அங்கே இருந்ததை எழுதியிருந்தாள். பூவின் பெயர்கள், விலை கூவுகிற குரல்கள், ஈரச் சாக்கின் வாசனை, டீ, சண்டை, சிரிப்பு. சாதி என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. வட்டத்தின் தீர்ப்பு மேலே சொன்னதுதான்.

அந்தக் கேள்வியே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. தலித் எங்கே என்பது தமிழில் எழுதப்பட்ட எல்லாப் பிரதிகளிடமும் கேட்கவேண்டிய கேள்வி. நாம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்குத் தூக்கம் கலைந்தது. ஆனால் விடையை எங்கே தேடுகிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு. சந்தையைப் பற்றிய எழுத்து எந்தக் காலத்திலும் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். பொருள்களின் பட்டியல், ஆட்களின் பட்டியல், ஓசைகளின் பட்டியல். பட்டியல் என்றால் அது ஓரிடத்தில் நின்றாகவேண்டும். எங்கே நிற்கிறது, யார் முன்னால் நிற்கிறது என்று பார்த்தால், எழுதியவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தார் என்பது தெரிந்துபோகும். இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு சில பிரதிகளையும், அந்தப் பெண்ணின் பன்னிரண்டு பக்கங்களையும், அந்த மார்க்கெட்டையும் சேர்த்து வாசிக்கலாம் என்று படுகிறது.

2

தமிழில் சந்தை வருணனைக்குப் பஞ்சமில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகள். பத்துப்பாட்டில் அதுதான் நீளமானது. மதுரையின் ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும் அதில் ஓடுகின்றன. பகல் கடைகளான நாளங்காடி, இரவுக் கடைகளான அல்லங்காடி இரண்டும் வருகின்றன. பூ, வெற்றிலை, பாக்கு, சங்கு சுட்ட சுண்ணாம்பு என்று பொருள்கள் வரிசையாக வருகின்றன. வயசான பெண்கள் தின்பண்டத்தையும் பூவையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். அந்த அம்மாக்களின் நடையை மருதனார் பார்த்திருக்கிறார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்த நெரிசல் முழுவதும் பாண்டியன் நெடுஞ்செழியன் காதில் சொல்லப்படுகிறது. இவ்வளவும் உன்னுடைய வளம், இதுவும் நிலைக்காது, யோசித்துக்கொள் என்பது பாட்டின் நோக்கம். ஆக, பட்டியல் போய் நிற்கிற இடம் அரசன். கூடை சுமந்த கிழவி அவனுடைய செல்வத்துக்கு ஒரு சாட்சி.

சிலப்பதிகாரம் இன்னும் சிக்கலானது. இந்திர விழவூரெடுத்த காதையை நம் மாணவர்கள் பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது ஒரு வசந்தகாலத்துக் காட்சி. சித்திரை மாசத்து முழுநிலவை ஒட்டிய விழா. புகார் நகரம் இரண்டாகக் கிடக்கிறது. கடல் பக்கம் மருவூர்ப்பாக்கம், உள்பக்கம் பட்டினப்பாக்கம். பிட்டு விற்பவர், அப்பம் விற்பவர், கள் விற்கும் பெண், மீன்காரர், உப்புக்காரர், இறைச்சிக்காரர், தச்சர், கொல்லர், துணி தைப்பவர், தோல் தைப்பவர் எல்லோரும் மருவூர்ப்பாக்கம். அரசவீதி, பெரும் வணிகர் வீதி, பார்ப்பனர் வீதி எல்லாம் பட்டினப்பாக்கம். இன்றைக்கு இருக்கிற சாதியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அன்றைய புகாரில் வைக்க முடியாது. ஆனால் ஊர் இரண்டாகக் கிடந்தது என்பதைப் பிரதியே சொல்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில், மரங்களே தூண்களாக நிற்கும் சோலையில் நாளங்காடி நடக்கிறது. அந்த நடுநிலத்தை, எதிரெதிரே நிற்கிற இரண்டு பெரிய அரசர்களின் போர்முனைக்கு ஒப்பிடுகிறார் இளங்கோ. சந்தையைப் போர்க்களத்தோடு ஒப்பிட்ட அந்த உவமையை நான் ரொம்ப மதிக்கிறேன். விழாவின் சந்தோஷத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் அந்த மருவூர்ப்பாக்கத்துப் பட்டியல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தொழிலையும் பேர் சொல்லி அழைத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் பிறருக்காகச் சின்னச் சின்னக் கைவேலை செய்கிறவர்கள் என்று பொதுவாக ஒரு சொல்லைப் போட்டு மூடுகிறார். உடனே, குறை எதுவும் இல்லாத மருவூர்ப்பாக்கம் என்று முடித்துவிடுகிறார். தோல் தைப்பவருக்குப் பேர் இருக்கிறது, கள் விற்பவளுக்கும் பேர் இருக்கிறது. இந்தப் பிறர்வேலை செய்கிறவர்கள் யார், அந்தச் சோலையைக் கூட்டியது யார், மூட்டையை இறக்கியது யார் என்றால் பேர் இல்லை. நம்முடைய ஆட்களில் பாதிப்பேர் அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இது தமிழுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. எமிலி ஜோலா 1873இல் பாரிஸ் நகரத்து லே ஆல் மார்க்கெட்டை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதன் தலைப்புக்கு 'பாரிசின் வயிறு' என்று பொருள். காய்கறி, மீன், பாலாடைக்கட்டி என்று பக்கம் பக்கமாகப் பட்டியல்தான். ஆனால் அதையெல்லாம் பார்க்கிறவன் தண்டனைத் தீவிலிருந்து தப்பி வந்தவன். பட்டினியில் காய்கறி வண்டிமேல் கிடந்து நகரத்துக்குள் வருகிறான். அவ்வளவு சாப்பாட்டையும் பசித்த கண்ணால் பார்க்கவைத்தபோது பட்டியலின் குணமே மாறிவிடுகிறது. யாருடைய கண் என்பதுதான் கேள்வி.

3

தமிழ் தலித் எழுத்தில் சந்தையின் சந்தோஷத்தை முழுசாக எழுதிய இடம் எது என்று கேட்டால் நான் பாமாவின் கருக்கைத்தான் சொல்வேன். 1992இல் வந்த புத்தகம். எல்லோரும் மேற்கோள் காட்டுகிற வடைப் பொட்டலம் அதில் இருக்கிறது. தெருப் பெரியவர் ஒருவர், கடைத்தெருவில் வாங்கிய வடைப் பொட்டலத்தைக் கை படாமல் கட்டுக்கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்க்கிற சிறுமிக்கு அது சிரிப்பாக இருக்கிறது. விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அண்ணன் விளக்கிச் சொன்ன பிறகுதான் அது என்ன என்று தெரிகிறது. கருத்தரங்குகளில் இந்தப் பொட்டலத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ வழி. அந்தச் சிறுமிக்கு அரைமணியோ ஒரு மணியோ ஆகிறது. ஏனென்றால் வழியெல்லாம் வேடிக்கை. குரங்காட்டி, பாம்பாட்டி, இறங்காமல் மூணு நாளாகச் சைக்கிள் ஓட்டுகிறவர், கருவாட்டுக் கடை, மிட்டாய்க் கடை, காப்பிக் கிளப்பில் டம்ளரை உயரத் தூக்கி ஆற்றுகிற கை, வெங்காயம் நறுக்குகிறவர்கள். நீண்டுகொண்டே போகிற ஒரு பட்டியல். மதுரைக்காஞ்சிக்குக் கொஞ்சமும் குறையாத நெரிசல், கொஞ்சமும் குறையாத ஆசை. அரசனுக்காக எழுதப்படாத பட்டியல். ஒரு சேரிக் குழந்தையின் கால் அங்கங்கே நின்றுபோவதால் உண்டான பட்டியல். அது கடைசியில் போய் நிற்கிற இடம்தான் கயிற்றில் தொங்குகிற பொட்டலம்.

இரண்டையும் பிரித்தால் இரண்டுமே செத்துப்போகும். கடைத்தெருவின் அத்தனை பொருளும் அந்தக் குழந்தையின் கண்ணுக்கு உரியதாக இருந்ததால்தான், ஒரு பொட்டலத்தைத் தொடக்கூடாது என்பது அவ்வளவு பெரிசாக விழுகிறது. சிரிப்பு இல்லாவிட்டால் அந்த அடி இல்லை. காயத்தை மட்டும் வெட்டி எடுக்கிற நம் வாசிப்பு, பாமா எழுதியதில் பாதியைக் கீழே போட்டுவிட்டுப் போகிறது. வாசகர் வட்டத்தில் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதும் இதே வாசிப்புதான்.

4

இந்தப் பங்குனியில், உகாதிக்கு முந்தின நாள், அவள் எழுதிய பக்கங்களைப் பையில் வைத்துக்கொண்டு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போனேன். தருமபுரிக்காரர்களுக்கு அது வெளியூர் இல்லை. ஏரியூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் பூ கட்டவும் போகிறவர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூர்தான் கிட்டம். ஒரு பிரதியை அது எழுதப்பட்ட இடத்தில் வைத்து வாசிப்பது ஒரு நல்ல பழக்கம். நமக்கு அதற்கு வசதி கொஞ்சம், அவ்வளவுதான்.

கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட் 1928இல் கட்டப்பட்டது. மைசூர் மகாராஜா பேர். அங்கத்திய ஜனங்களுக்கு சிட்டி மார்க்கெட். அதற்கு முன்னால் அந்த இடத்தில் சித்திகட்டெ என்ற நீர்நிலை இருந்தது. அதற்கும் முன்னால் ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் பேட்டை, நடுவில் வெட்டவெளி. 1791 மார்ச் மாசம் கார்ன்வாலிஸின் படை முதலில் பேட்டையைப் பிடித்தது, 21ஆம் தேதி ராத்திரி கோட்டையைப் பிடித்தது. இளங்கோ உவமையாகச் சொன்னது இங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது. போர்முனையாக இருந்த நடுநிலத்தில்தான் இன்றைக்கு எலுமிச்சம்பழம் குவித்திருக்கிறார்கள்.

விடிவதற்கு முன்னாலேயே பூ வந்துவிடுகிறது. சாமந்தி, சம்பங்கி, கனகாம்பரம், குண்டுமல்லி, செண்டுமல்லி, பட்டன் ரோஜா. இதில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களின் பூவும் இருக்கிறது. உகாதி என்பதால் மாவிலையும் வேப்பங்கொத்தும் மலையாகக் கிடந்தன. கன்னடத்தில் "பன்னி பன்னி" என்று கூவுகிறவரே அடுத்த மூச்சில் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் விலை சொல்கிறார். கூட்டத்தில் தோளோடு தோள் உரசாமல் ஓரடி நடக்க முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் தோள் உரசினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவருக்கு, அந்த நெரிசலே ஒரு சுகம். இதை அந்தப் பெண் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாள். இடிபட்டுக்கொண்டே நடந்தது நல்லாயிருந்தது என்று ஒரே வரி, விளக்கம் இல்லை. வட்டத்தில் யாரும் அந்த வரியில் நிற்கவில்லை.

மார்க்கெட் கட்டடத்துக்குள் பூக்கடைகள் தரையில். மேலே முதல் மாடி. காலையில் காமிரா வைத்திருக்கிறவர்கள் படியேறி மேலே நின்று கீழே பார்த்துப் படம் எடுக்கிறார்கள். நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் வட்டம், ஆரஞ்சு வட்டம், சிவப்பு வட்டம், நடுநடுவே சில தலைகள். அழகான படம்தான். ஆனால் மேலே இருந்து பார்த்தால் முகம் தெரியாது. உச்சந்தலையும் சும்மாடும்தான் தெரியும். அந்தப் படத்தில் இறைச்சிக் கடையும் வராது, சாக்கடையும் வராது. அந்த வகையில் இளங்கோவே மேல். அவர் மீனையும் இறைச்சியையும் கள்ளையும் ஒளிக்கவில்லை.

இந்தப் பெண் தரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அம்மாவின் பக்கத்தில், ஒரு சாக்கின் மேல். அதனால் அவளுடைய மார்க்கெட்டில் முதலில் தெரிவது கால்கள். அப்புறம் கைகள். உதிரிப்பூவும் நூலும் கடைக்காரர் கொடுப்பார், கட்டின சரத்துக்குக் கூலி. சரத்தை அளப்பது முழத்திலும் மாறிலும். முழம் என்றால் அம்மாவின் முழங்கை. மாறு என்றால் அம்மா இரண்டு கையையும் விரித்த நீளம். அந்த அளவை வாங்குகிறவர் யாரும் மறுப்பதில்லை. அந்தச் சரம் இங்கிருந்து எந்தெந்தக் கோயிலுக்கெல்லாம் போகிறது என்று அவள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறாள். கல்யாண மண்டபம், கார், கடையில் மாட்டின சாமி படம், கடைசியில் கருவறை. பட்டியல் அங்கே நின்றுவிடுகிறது. அம்மாவின் கை தொட்டது போய்ச் சேர்ந்த இடத்துக்கு அம்மா போனதில்லை என்று அவள் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவை இருக்கிறதா?

இதைவிட முக்கியமானது ஏழாம் பக்கம். பூ வாங்கவந்த தமிழ்க்காரர் ஒருவர் அம்மாவிடம் "எந்த ஊரும்மா?" என்று கேட்கிறார். அம்மா, "மேட்டூர் டேம் பக்கங்க" என்கிறாள். ஏன் அம்மா ஏரியூர் என்று சொல்லவில்லை என்று மகள் கேட்கவில்லை. நமக்குத் தெரியாதா? 1934இல் கட்டி முடித்த அணை, அதன் தண்ணீர் எங்கள் பக்கம்வரைக்கும் வந்து தேங்கி நிற்கிறது. அணைக்கு ஊர்த்தெரு, காலனித்தெரு கிடையாது. டேம் என்று சொன்னால் அதோடு கேள்வி நின்றுவிடும். ஏரியூர் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

அந்த அடுத்த கேள்வி எனக்கும் வந்தது. கன்னடக்காரர்கள் என்னை எந்த ஊர் என்று கேட்டார்கள், தமிழ்நாடு என்றதும் விட்டுவிட்டார்கள். பூ நிறுத்துக்கொண்டிருந்த நம் ஜில்லாக்காரர் ஒருவர் விடவில்லை.

"எந்த ஊருங்க?"

"ஏரியூருங்க."

"அட, வாங்க வாங்க. ஏரியூர்ல எங்க?"

"காலனிங்க."

"ஓ."

பூவைச் சரியாகத்தான் நிறுத்தார். எடையில் குறை இல்லை. ஆனால் 'வாங்க' என்று கூப்பிட்டவர் அதற்கப்புறம் 'வாங்க' என்றும் சொல்லவில்லை, 'வா' என்றும் சொல்லவில்லை. "அரைக் கிலோ. அறுபது. சில்லறை இருந்தா நல்லது" என்று மரியாதையும் இல்லாத மரியாதைக்குறைவும் இல்லாத ஒரு பேச்சில் இறங்கிவிட்டார். தமிழில் இதற்கு வசதி இருக்கிறது. வினைச்சொல்லை முழுங்கிவிட்டால் போதும். பெங்களூர் மார்க்கெட்டின் விடுதலை முதல் கேள்விவரைக்கும்தான். இரண்டாவது கேள்வியை நம் ஊர்க்காரர்கள் பஸ் ஏற்றிக் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள். இவ்வளவையும் அந்தப் பெண் 'டேம் பக்கங்க' என்ற இரண்டே சொல்லில் எழுதியிருக்கிறாள். தலித் எங்கே என்று கேட்ட தோழர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தை.

இன்னொரு இடம். பத்து மணிக்கு அம்மாவும் ஒரு மூட்டை தூக்குபவரும் டீ குடிக்கிறார்கள். 'பை டூ' என்று சொல்லி வாங்குகிறார்கள். பெங்களூரில் எந்த டீக்கடையிலும் கேட்கிற சொல் அது. ஒரு டீயை இரண்டு டம்ளரில் பாதிப்பாதியாக ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு காசு, இரண்டு பேர். அவர்கள் என்ன ஜனமோ, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. "டீ குடிக்கிறதையெல்லாம் எழுதினா எப்படி?" என்று வட்டத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். தருமபுரிக்காரர் இப்படிக் கேட்கலாமா? இரண்டு டம்ளர் என்றால் நம் ஜில்லாவில் என்ன அர்த்தம்? ஒருத்தரை விலக்கிவைக்க வைத்திருந்தது இரண்டாவது டம்ளர். இங்கே அதே இரண்டாவது டம்ளர் பங்கு போட்டுக்கொள்ள வருகிறது. இரட்டைக் குவளையை எதிர்த்து நாம் போட்ட கோஷங்கள் எல்லாம் எந்த வாழ்க்கைக்காகப் போட்டவை? அந்த வாழ்க்கை ஒரு நிமிஷம் கண்ணில் படுகிறபோது அதை எழுதக்கூடாது என்றால் எப்படி?

அதே சமயம் இந்தப் பிரதியில் எனக்கு ஒரு குறை உண்டு. மத்தியானம் அம்மா கூலியை எண்ணி முந்தானையில் முடிகிறாள். பட்டியல் அங்கே நிற்கிறது. அடுத்த பத்தியில் விளக்கு வைத்துவிட்டார்கள். நடுவில் நாலைந்து மணிநேரம் காணோம். அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தேன். காலையில் கிலோ கணக்கில் விலை போனது மத்தியானம் குப்பை. வாடின பூ, வாழை மட்டை, அழுகின தக்காளி, நனைந்த சாக்கு. வெயிலில் அது ஒரு வாடை அடிக்கும். அள்ள வருகிறவர்கள் பெண்கள். பெங்களூர் நகரத்தின் இந்தப் பௌரகார்மிகர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2022 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டு வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். மார்க்கெட்டில் சாதி கரைந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் காலை பத்து மணிக்கு வந்து பார்க்கிறார்கள். மூணு மணிக்கு வந்தால் துடைப்பத்தின் கைப்பிடியில் அது கரையாமல் இருப்பது தெரியும். அம்மாவும் அந்தப் பெண்களும் அந்த ஈரத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மகள் எழுதவேண்டும். பிறர்வேலை செய்கிறவர்கள் என்று இளங்கோ ஒரு சொல்லில் மூடியதை அவளாவது பேர் சொல்லித் திறக்கவேண்டும். நான் கேட்பது இது. காயம் கேட்கவில்லை, பாக்கி நேரத்தைக் கேட்கிறேன்.

5

சந்தை நம்மை விடுவிக்குமா என்பது நமக்குள் நடக்கிற பழைய சண்டை. சந்திரபான் பிரசாத் போன்றவர்கள் மூலதனம் சாதியை உடைக்கும் என்று வாதாடிவருகிறார்கள். 2005இல் தலித் தொழிலதிபர்களுக்கென்று ஒரு வர்த்தக சபையே தொடங்கப்பட்டது. இன்னொரு பக்கம் சந்தை என்றாலே சுரண்டல், அதில் நமக்கு என்ன வேலை என்கிற தோழர்கள். இரண்டு பேருக்கும் அம்பேத்கரைப் படித்தால் தெளிவு கிடைக்கும். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கிழிகிழியென்று கிழித்து, அரசியல் சட்டம் கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்கு மகிழ்ந்தவர் அவர். அதற்கு இருபது வருஷம் முன்னால், பம்பாய் மில் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்ப்பதில்லை என்பதைத் தொழிலாளர் தலைவர்களின் முகத்துக்கு நேராகக் கேட்டவரும் அவர்தான். அறுந்த நூலை வாயில் வைத்து இழுக்கவேண்டியிருக்கும், எச்சில் தீட்டு என்பது காரணம். நகரத்துக்குப் போ என்றவருக்கே நகரத்தின் மில்லுக்குள் எச்சில் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருந்தது.

நம் மாநிலத்து உதாரணமே இருக்கிறது. 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்கலாம். நல்ல யோசனை. ஆனால் விளைவித்தவர் என்பதற்கு அட்டை வேண்டும். அட்டை நிலத்தைப் பார்த்துக் கொடுப்பது. கத்தரிக்குக் களை எடுத்தவளும் தண்ணீர் கட்டினவளும் பறித்தவளும் நிலம் இல்லாதவள். 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் போன இடம் தெரியாத ஜனத்துக்கு உழவர் என்று அட்டை எங்கிருந்து வரும்? உழவர் சந்தைக்குள் அவள் போகிறபோது தலையில் மூட்டை இருக்கிறது. மூட்டை இன்னொருவருடையது.

கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றின தெருக்களில் தவிடு, புண்ணாக்கு மூட்டைகளைப் பார்க்கிறபோது வேறொன்று ஞாபகம் வந்தது. தவிட்டுக்குக் கன்னடத்தில் பூஸா. 1973இல் கர்நாடக அமைச்சராக இருந்த பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி பூஸா என்று ஒரு மேடையில் சொன்னார். மாநிலம் பற்றி எரிந்தது. தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அவர் பதவியைவிட்டு விலக நேர்ந்தது. அந்தக் கொந்தளிப்பிலிருந்துதான் கன்னட தலித் இயக்கமும் சித்தலிங்கையா, தேவனூர் மகாதேவா தலைமுறையின் எழுத்தும் வேகம் பிடித்தன. ஒரு சந்தைச் சொல்லை எடுத்து இலக்கியத்தை அளந்தார் ஒரு தலித். நமக்கு இதில் வாழ்க்கை இருக்கிறதா என்பது அவர் கேட்ட கேள்வி. நமக்கு இதில் வலி இருக்கிறதா என்று நாம் அதைக் குறுக்கிக்கொண்டுவிட்டோம். மற்றவர்களின் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் நம்மிடம் வலியை மட்டும் கேட்டு வாங்குகின்றன என்பதை நாம் கவனிக்கவேண்டும். அவர்களுக்கு அதில் விலை இருக்கிறது. நாமே நம் பிள்ளைகளிடம் அதையே கேட்கலாமா?

6

இது அழகியல் விவகாரம் மட்டும் இல்லை. எங்கள் ஜில்லாவில் 2012 நவம்பர் 7ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். அந்த ஜனங்களில் பலர் பெங்களூரில் வேலை பார்த்தவர்கள். ஊரில் நிலக்காரரின் கூலியை நம்பியிராமல், வெளியில் போய்ச் சம்பாதித்து வீடு கட்டினவர்கள். எரிந்தது கூரை மட்டும் இல்லை. மோட்டார் சைக்கிள், பீரோ, டி.வி., பிள்ளைகளின் சர்ட்டிபிகேட். நகரத்துச் சந்தையில் முதல் கேள்வியோடு தப்பித்து வாங்கிவந்த பொருள்களை, இரண்டாவது கேள்வி வீடு தேடி வந்து கொளுத்தியது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். யாரும் பட்டினி கிடப்பதைப் பார்த்து அப்படி எரிச்சல் வருவதில்லை.

தீ அணைந்த பிறகு பட்டியல் எடுத்தார்கள். சேத மதிப்பீடு என்று பேர். இன்னார் வீட்டில் இன்ன பொருள், இவ்வளவு மதிப்பு. நம் உண்மை அறியும் குழுக்களும் எழுதினார்கள், பத்திரிகைகளும் எழுதின. அவை தேவை. வழக்குக்கும் நஷ்டஈட்டுக்கும் அவைதான் ஆதாரம். ஆனால் அந்த பீரோவை வாங்கிய நாள் ஒன்று இருக்கிறதல்லவா? சிட்டி மார்க்கெட் நெரிசலில் புருஷனும் பெண்டாட்டியும் பேரம் பேசி, பை டூ டீ குடித்து, மீதிக் காசுக்குப் பிள்ளைக்கு ஒரு பொம்மையும் தலைக்கு ஒரு முழம் கனகாம்பரமும் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்த நாள். அதற்குப் பட்டியல் இல்லை. அதை எழுதியிருந்தால்தானே எரிந்தது என்ன என்று தெரியும்? ரூபாய்க் கணக்கில் சொன்னால் அது பீரோ. அந்த நாளோடு சேர்த்துச் சொன்னால் அது ஒரு தலைமுறை கீழே வைத்த சுமை.

ஆகவே நம் இதழ்களுக்கு நான் வைக்கிற கோரிக்கை இது. செங்கல் சூளை, கல்குவாரி, திருப்பூர் கம்பெனி, பெங்களூர் கட்டடம், பூ மார்க்கெட் என்று போயிருக்கிற நம் பிள்ளைகளிடம் எழுதி வாங்குங்கள். அன்றைக்கு என்ன வாங்கினார்கள், என்ன விலை, யாரோடு டீ குடித்தார்கள், எந்தக் கேள்விக்கு என்ன ஊர்ப் பேர் சொன்னார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மத்தியானம் மூணு மணியையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். சாதி என்ற சொல் இல்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டாம். பட்டியல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். சீக்கிரம் நின்றுவிட்டது என்று பட்டால், மேலே எழுது தாயி என்று சொல்லுங்கள்.